உறுமாது

குக்கரின் தலையில் இருந்த வெயிட் எழும்பி ஆடியது. அதன் அடியிலிருந்து ஆவி பீய்ச்சிக்கொண்டு வந்து அலமாரியின் கீழ்ப்பலகையை நனைத்தது. அடுப்புக்கு இரண்டடி தள்ளி நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விசில் சத்தம் வரவில்லை. பர்னரில் நெருப்பு சீறுவதும், குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதும், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ வானிலை வாசிப்பதும் தெளிவாகக் கேட்டன. வெயிட் மறுபடி எழும்பியது, ஆடியது, சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

"ஏங்க, அஞ்சு விசில் ஆயிடுச்சு. பக்கத்துலதானே நிக்கிறீங்க, அணைக்கக் கூடாதா?" கூடத்திலிருந்து மனைவி கேட்டாள்.

அவர் அணைத்தார். ஏதோ யோசனையில் இருந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஒன்றும் யோசனை இல்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அவருடைய தொழிலுக்குக் காதுதான் மூலதனம். நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். அதிலும் பிட்புல் நாய்கள். ஊரில் வேறு யாரும் அந்த நாயைக் கையில் வாங்கத் துணியாத காலத்திலேயே வாங்கியவர். பிட்புல் வீட்டுக்கு ஆகுமா, ஆகாதா என்ற கேள்வியோடுதான் எல்லாரும் வருவார்கள். கணவன், பிட்புல் யாரையோ கடித்துக் குதறிய செய்தி ஒன்றைப் போனில் காட்டுவார். மனைவி, கைக்குழந்தையின் வயிற்றில் தலை வைத்துத் தூங்கும் பிட்புல் படத்தைக் காட்டுவாள். மாஸ்டர் இரண்டையும் மரியாதையாகப் பார்த்துவிட்டு ஒரே பதிலைச் சொல்வார்.

"நாய் நாய்தாங்க. பதினஞ்சு நாள் என்கிட்ட விடுங்க. உறுமாது."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரைத் தேடி வந்தார்கள். வீட்டுக்குள் அந்த நாய் உறுமும்போதுதான் குடும்பங்கள் பயந்தன. முறை எளிமையானது. நாயின் கழுத்தில் தீப்பெட்டி அளவு பேட்டரி வைத்த பட்டை, அதில் தோலில் பதியும் இரண்டு மொட்டை முள். பொத்தான் அவருடைய பாக்கெட்டில். நாய் சாப்பிடும்போது, நான்கு வயதுக் குழந்தையின் உயரத்தில் ஒரு துணிப்பொம்மையை, குழந்தைப் பவுடர் பூசி, நீளக் கம்பில் மாட்டித் தட்டின் அருகே நீட்டுவார். அவர் நிற்பது நாயின் பின்னால். நாயின் முகம் அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உறுமல் தொண்டையில் கிளம்பும் அந்தக் கணத்தில் பொத்தானை அழுத்துவார், நாயின் கழுத்தில் ஷாக் அடிக்கும். ஆறாம் நாள் உறுமல் பாதியில் நிற்கும். பத்தாம் நாள் சுத்தமாக இருக்காது.

மேகம் என்ற நாயையும் அப்படித்தான் திருப்பிக் கொடுத்தார். சாம்பல் நிறம், அகன்ற நெற்றி, யாரைப் பார்த்தாலும் இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டும். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியின் வீட்டு நாய். கொடுத்து நாற்பது நாள் கழித்து ஒரு மாலையில் டீச்சர் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு முதுகுப்பக்கம் நான்கடி தூரத்தில், அவள் பையன் மேகத்தின் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தான். மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து அவள் மட்டும் வீட்டுக்கு வந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் நிபுணர் என்று மாஸ்டரைத்தான் கேட்டார்கள். "அந்த இனத்தோட ரத்தம் அப்படி. எந்தப் பயிற்சியும் ஓரளவுக்குத்தான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கால்நடை மருத்துவர் ஊசி போட்டபோது எஃகு மேசையின் மேல் மேகத்தைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். வேறு யாரும் பிடிக்க முன்வரவில்லை. ஊசி ஏறும்போதுகூட அது உறுமவில்லை. தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. கண் மூடும்வரை வேறு எதையும் பார்க்கவில்லை.

டீச்சர் போன திங்கட்கிழமை வந்தாள். பகல் பதினொரு மணி வெயிலில், குடை இல்லாமல், கதவுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"சண்டைக்கு வரல மாஸ்டர். ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன்."

"நடந்தது கொடுமைங்க டீச்சர். ஆனா அந்த ரத்தம்…"

"ரத்தம் இல்ல." அவள் குரல் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் சமமாக இருந்தது. "உங்ககிட்ட விடறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அது எங்க வீட்டுல இருந்துச்சு. பையன் தட்டுக்கிட்ட போனா உறுமும். நான் திரும்பிப் பார்ப்பேன், அவனை இழுத்துக்குவேன். அவ்வளவுதான், முடிஞ்சது. தள்ளிப் போடான்னு அதுக்குத் தெரிஞ்ச பாஷையில அது சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நீங்க அதை எடுத்துட்டீங்க."

"நீங்கதானே கேட்டீங்க, உறுமக் கூடாதுன்னு?"

"நான்தான் கேட்டேன். அதுக்கான தண்டனை எனக்குக் கிடைச்சிடுச்சு." கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். "உங்களுக்கும் இனிமே எதுவும் முன்கூட்டிச் சொல்லாம நடக்கட்டும் மாஸ்டர்."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

குக்கர் அடங்கிப்போனது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் பின்பக்கமாக வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவர் நடந்துகொண்டிருந்தார். யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். டிரைவர் இறங்கிவந்து கத்தியது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

"வீட்டுல சொல்லிட்டு வந்தியாய்யா? கை எடுக்காம ஹாரன் அடிச்சிட்டு வரேன், பின்னாடி பீப் பீப்புன்னு கத்துது, நீ என்னமோ ஊர்வலம் போற!"

மறுநாள் காது மருத்துவர் அவர் தலையில் கருவியை மாட்டிவிட்டு மெல்லிய ஒலிகளையும் கனத்த ஒலிகளையும் மாற்றி மாற்றி விட்டார். மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் கை தூக்கினார். ஒன்றுகூடத் தவறவில்லை.

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல. இந்த வயசுல எனக்கே இப்படிக் கேக்காது. மனைவி பேசறது மட்டும் கேக்கலையா? அதுக்கு மருந்து இல்ல சார், எனக்கும் இருக்கு." மருத்துவர் தானே சிரித்துக்கொண்டார்.

மாஸ்டரும் சிரித்தார். ஆனால் அன்று மாலை அது உண்மையாகவே நடந்தது. துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது. புருவம் சுருங்கியது. இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஈரத்துணி புகைவது கேட்டது, ஜன்னல் திரை கம்பியில் உரசுவது கேட்டது, அவள் சொன்னது மட்டும் கேட்கவில்லை.

"என்ன சொன்ன?"

மறுபடி சொன்னாள். வீட்டின் பின்பக்கம் கையைக் காட்டினாள். உதடுகள் ஒரு முழு வாக்கியத்தை உருவாக்கிக் கலைத்தன.

"கேக்கல. இன்னொரு தடவை சொல்லு."

"உங்ககிட்ட சொல்றதுக்கு இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லலாம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதே கதை." இது மணி அடித்ததுபோல் கேட்டது.

அவள் காட்டிய பின்பக்கத்தில் பஞ்சு இருந்தது. வெள்ளை நிறம், ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் பழுப்பு. பயிற்சிக்கு வந்திருந்த பிட்புல். ஞாயிறு மாலை சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. இவ்வளவு சீக்கிரம் அடங்கிய நாயை மாஸ்டர் பார்த்ததே இல்லை. முதல் வாரம் பயங்கரமாக உறுமிக்கொண்டிருந்தது. புதன்கிழமையிலிருந்து ஒரு சத்தம் கிடையாது. பின்னால் நின்று பொம்மையை நீட்டினார், காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். எதுவும் இல்லை. பொத்தானை ஒரு முறைகூட அழுத்த வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பட்டையைக் கழற்றினார். கூண்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று இரவு படுக்கையில் கிடந்தபடி, இந்தச் சில நாட்களில் கேட்காமல் போனவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தார். குக்கர். ஹாரன். லாரியின் பின்பக்கத்து பீப். மனைவியின் அந்த வாக்கியம். நான்குக்கும் பொதுவாக ஒன்று இருப்பது தெரிந்தது. அதற்குப் பெயர் வைக்குமுன் புரண்டு படுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணி. வெயில் இன்னும் முற்றத்துச் சிமெண்டில் வெள்ளையாகக் கிடந்தது. மாஸ்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூண்டின் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயும் துருவும் ஈர நாயும் சேர்ந்த வாசனை. மனைவி கூடையோடு பின்வாசலில் வந்து நின்றாள்.

"கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். பாப்பா உள்ள வரைஞ்சிக்கிட்டு இருக்கா."

பிறகு இன்னும் ஏதோ சொன்னாள். வீட்டைக் காட்டினாள், பஞ்சுவைக் காட்டினாள். விரலை ஆட்டினாள். சத்தம் இல்லை. அவள் பதிலுக்காக நின்றாள். மறுபடி என்ன என்று கேட்டால் மறுபடி சுவரோடு ஒப்பிடுவாள். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"சரி சரி. போயிட்டு வா."

அவள் நம்பிப் போனாள். முன்கதவு சாத்தப்படுவது கேட்டது. செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து மறைவது கேட்டது. பஞ்சுவின் தட்டைச் சாப்பாட்டால் நிரப்பி வைத்துவிட்டு அவர் தாழ்ப்பாளுக்குத் திரும்பினார்.

சிறிது நேரம் கழித்துப் பின்னால் பேச்சுக்குரல் கேட்டது.

"அப்பா, பஞ்சு பாடுது."

திரும்பினார். பத்து எட்டு வைக்கும் தூரம். மகள் தட்டுக்கு அருகில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. ஒரு கை பஞ்சுவின் கழுத்தைச் சுற்றி. கன்னம் அதன் கன்னத்தில். இன்னொரு கையில் நீல கிரேயான்.

பஞ்சு சாப்பிடவில்லை. தட்டின் மேல் தலை குனிந்து அப்படியே உறைந்திருந்தது. கால்கள் நான்கும் விறைத்திருந்தன. மேலுதட்டின் ஓரம் மடிந்து உயர்ந்திருந்தது. விலா எலும்புகள் அதிர்ந்தன. பக்கத்துக் கிண்ணத்தில் இருந்த தண்ணீரில் சின்னச் சின்ன வளையங்கள் எழுந்துகொண்டே இருந்தன.

அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மதில்மேல் ஒரு குருவி கத்துவது கேட்டது. பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுற்றுவது கேட்டது.

"எனக்கு மட்டும்தான்பா பாடும். நேத்தும் பாடுச்சு. அம்மாவும் கேட்டா."

ஓடக் கூடாது. அது அவருக்குத் தெரியும், வேறு யாரையும்விட. ஓர் அடி வேகமாக எடுத்து வைத்தால் போதும், நாய் கடித்துவிடும். நின்ற இடத்தில் நின்று, தணிந்த குரலில், மெல்லக் கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகரச் சொல்ல வேண்டும். எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"பாப்பா."

குரல் வந்தது.

"என்னப்பா?"

மெல்லக் கையை எடும்மா.

உதடுகள் அசைந்தன. நாக்கு அசைந்தது. தொண்டையில் காற்று போனது. சத்தம் இல்லை.

"என்ன? கேக்கலப்பா."

பின்னாடி நகரு.

இல்லை.

"பாப்பா" என்றார். வந்தது. அப்பாகிட்ட வா. வரவில்லை. சாக்லேட் வேணுமா என்று கேட்டுப் பார்த்தார். அதுவும் வரவில்லை. அந்தச் சொற்களுக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று எதற்கோ தெரிந்திருந்தது.

கையைத் தூக்கினார். மெதுவாக. வா, வா.

மகள் கிரேயானோடு கையை ஆட்டிக் காட்டினாள்.

அப்போதுதான் பஞ்சுவின் கண்ணைக் கவனித்தார். பழுப்பு வளையத்துக்குள் இருந்த கண். அது குழந்தையைப் பார்க்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லாமல். அவசரம் இல்லாமல். எஃகு மேசையின் மேலிருந்து பார்த்த அதே பார்வை.

கத்தினார். நெஞ்சுக்கூடு வலிக்க, கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் முட்டக் கத்தினார்.

குருவி கத்தியது. மெஷின் சுற்றியது.

மகள் சிரித்தாள். "ஏம்பா மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடற?" அவளும் அதேபோல் செய்து காட்டினாள். திறந்து. மூடி. திறந்து.

கிண்ணத்துத் தண்ணீரில் வளையங்கள் நின்றன.

விலா அதிரவில்லை. உதடு கீழே இறங்கியது. பஞ்சு வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணை மட்டும் அவர் மேலிருந்து எடுக்காமல் நின்றது.

"பாட்டு நின்னுடுச்சுப்பா" என்றாள் மகள். ஏன் என்று பார்க்க, இரண்டு கையாலும் அதன் தாடையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை அதன் வாயருகே கொண்டுபோனாள்.