நாலு பதினொண்ணு: நான்

"நீங்க மூடலை அண்ணி."

"மூடிட்டேன்னு சொல்றேன்ல—"

"மூடியிருந்தா இது எப்படி—"

"மூணு வாரமா அந்தக் கம்ப்யூட்டர் பக்கமே நான் போகலை. இதுல எதை மூடுறது, எதைத் திறக்கிறது?"

"மூடிட்டேங்கறீங்க, போகவே இல்லைங்கறீங்க. ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

அண்ணிக்காரி சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளில் குனிந்தாள். சாப்பாட்டு மேசையில் திருத்தத்துக்கு வந்த பள்ளிக்கூடப் பாடப்புத்தகத்தின் தாள்கள் விரிந்து கிடந்தன.  நாத்தனார் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாத்தனார் வந்தது ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போக. அண்ணன் செத்து மூணு வாரம் ஆகியும் சட்டம் போட்டு மாட்ட நல்லதாக ஒரு படம் இல்லை. ஹாலில் இருக்கிற கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, தன் மெயிலுக்கு அனுப்பிக்கொண்டு போகலாம் என்று உட்கார்ந்தாள். அவளுக்கு வேலை நூலகத்தில். அங்கே பொதுஜனம் வந்து உட்காரும் எட்டு கம்ப்யூட்டர்களையும் மேய்ப்பது அவள்தான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முதலில் இன்காக்னிட்டோ என்கிற தனி ஜன்னலைத் திறந்தாள். அடுத்தவர் இயந்திரத்தில் நம் தடம் எதற்கு என்று.

திறந்த ஜன்னல் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லை. மெயிலுக்குப் போனதும், பெயரும் கேட்காமல் கடவுச்சொல்லும் கேட்காமல், அண்ணனின் பெட்டி விரிந்துகொண்டது.

"இங்க பாருங்க, தனி ஜன்னல்னா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அறைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. எத்தனை திறந்தாலும் உள்ளே ஒரே அறைதான். கடைசி ஜன்னலையும் மூடினாத்தான் அது எல்லாத்தையும் மறக்கும். ஒண்ணு எங்கேயாவது திறந்திருந்தாக்கூட, உள்ளே போனவர் உள்ளேயேதான் இருப்பார். தினமும் இருபது பேருக்கு இதைச் சொல்றேன்."

"அவர் திறந்து வெச்சுட்டுப் போயிருப்பார்."

"கம்ப்யூட்டர் அணைஞ்சுல்ல கிடந்தது? நான் வந்துதானே போட்டேன். அணைச்சா எல்லா ஜன்னலும் போயிடும்."

"உன் அண்ணன்தான் ஒயர்காரர். ஏதாவது வித்தை பண்ணி வெச்சிருப்பார், எனக்கென்ன தெரியும்?"

அந்தப் பேர் வந்ததும் நாத்தனார் சிரித்துவிட்டாள். ஊருக்கே அவர் ஒயர்காரர். ஆபீஸ் ஆபீஸாகப் போய் சுவரைத் துளைத்து நெட் கேபிள் இழுத்துக் கொடுக்கிற தொழில். வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? அலமாரி மேல் கறுப்பாக ஒரு பெட்டி வைத்து, வீட்டு நெட் முழுவதும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும் என்று கட்டியிருந்தார். சாயங்காலம் வந்து காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பெண்டாட்டி பகலில் என்னென்ன பார்த்தாள் என்று பழைய பக்கங்களைப் புரட்டுவார். கோபமெல்லாம் கிடையாது. "வீட்டுல என்ன நடக்குதுன்னு ஒரு மனுஷனுக்குத் தெரியணும்ல" என்பார், அவ்வளவுதான். அதனால்தான் அண்ணிக்காரி தனி ஜன்னலைக் கற்றுக்கொண்டாள். கறுப்பாக ஒன்று திறக்கும். 'நீங்கள் மறைநிலையில் இருக்கிறீர்கள்' என்று தமிழில் சொல்லும். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவள் இல்லையா, அந்தச் சொல் முதல் நாளே உறுத்தியது. மறைந்தார் என்றால் செத்தார் என்று அல்லவா அர்த்தம்? செத்தவர்கள் இருக்கிற நிலையா இது? பிறகு பழகிவிட்டது. மூடினால் தடமே இல்லை. சாயங்காலம் அவர் புரட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஒண்ணுமே பார்க்கலையா?" என்பார். "வேலை சரியா இருந்தது" என்பாள்.

"அண்ணி, இது என்ன?" நாத்தனாரின் குரல் மாறியிருந்தது. "தினமும் ஆறு மணிக்கு அண்ணனுக்கு ஒரு மெயில் வருது. அந்தப் பெட்டி அனுப்புது."

"எந்தப் பெட்டி?"

"மேல இருக்கே, அதுதான். எத்தனை மணிக்கு, எந்தக் கருவி, எந்த இடத்துக்குப் போச்சுன்னு பட்டியல்."

அண்ணிக்காரி பேனாவைக் கீழே வைத்தாள். "தனி ஜன்னல்ல பார்த்தா அதெல்லாம் தெரியாதுல்ல?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது. நாத்தனார் மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"தனி ஜன்னல் இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட மட்டும்தான் மறைக்கும் அண்ணி. வீட்டை விட்டு வெளியே போறதெல்லாம் பெட்டி வழியாத்தானே போகணும்? நீங்க என்ன கேட்டீங்க, என்ன படிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. எங்கே போனீங்கன்னு தெரியும்." சொல்லிக்கொண்டே அவள் கை பட்டியலை மூணு வாரம் பின்னுக்கு இழுத்துப்போயிற்று. அண்ணன் போன நாள். "'ஹால்'னா இந்தக் கம்ப்யூட்டர். 'அவள்'னு போட்டிருக்கே, அது உங்க போன். 'நான்' அண்ணன் போன். நாலு பத்து, ஹால், இதய ஆஸ்பத்திரி."

பெட்டியில் நாலு பச்சை விளக்குகள் கண் சிமிட்டின. அது அதுவரை சத்தம் போட்டதில்லை. அல்லது அவள் கேட்டதில்லை. இப்போது பல்லிடுக்கில் காற்றை இழுப்பது போல மெல்லிதாக ஒன்று கேட்டது.

"அன்னைக்கு நீங்க மாத்திரை போட்டுத் தூங்கிட்டீங்கன்னு சொன்னீங்களே?"

"தூங்கிட்டுத்தான் இருந்தேன். அவரே எழுந்து வந்து பார்த்திருப்பார்."

"நாலு பதினொண்ணு, நான், பெட்டி. நாலு பன்னிரண்டு, நான், பெட்டி. ஒரே நேரத்துல ஹால்லயும் அண்ணன், கட்டில்லயும் அண்ணனா?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தூங்கினீங்களா அண்ணி?"

"தூங்கினேன்."

நாத்தனார் எழுந்தாள். போட்டோ எடுக்கவில்லை. பையைத் தோளில் மாட்டினாள், வாசலில் குனிந்து செருப்பு வாரை நிதானமாக மாட்டினாள். எப்போதும் "போயிட்டு வரேன் அண்ணி" என்பவள், அன்றைக்கு "போறேன்" என்றாள்.

அவள் படியிறங்குகிற சத்தம் தேய்ந்து மறைந்தது. சாயங்கால வெளிச்சம் மேசைத் தாள்களின் மேல் மஞ்சளாகி, பழுப்பாகி, எழுத்துக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தொடங்கிய பிறகும் அண்ணிக்காரி விளக்கைப் போடவில்லை. திரை வெளிச்சம் போதும் என்று கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கும் இதே நாற்காலிதான். உள் அறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார்: "தோள் இழுக்குதுடி, தாடைகூட வலிக்குது." "தைலம் தடவிக்கோங்க" என்று இவள் இங்கிருந்தே சொன்னாள். பிறகு மனசு கேட்காமல் தனி ஜன்னலைத் திறந்து, தோளும் தாடையும் சேர்ந்து வலித்தால் என்ன என்று தேடி, ஆஸ்பத்திரிப் பக்கத்துக்குப் போனாள். உடனே ஆஸ்பத்திரிக்கு என்று போட்டிருந்தது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல். அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். அதில் பிழை ஒன்றும் இல்லை.

பட்டியலில் நாத்தனார் படிக்காமல் விட்ட வரி ஒன்று இருந்தது. 4:14, ஹால், வாடகை வீடுகள்.

ஒரு ஆளுக்கான அறை. ஒரு ஜன்னல், ஒரு அடுப்பு, ஒரு பூட்டு. யாரும் சாயங்காலம் உட்கார்ந்து புரட்ட மாட்டார்கள். ரெண்டு மாதமாக அவள் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த அறை அது. அவர் சாக வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை. எழுந்தால் ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி, மாசக்கணக்கில் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அந்த அறை கையைவிட்டுப் போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துகொள்ளலாம் என்று மட்டும்தான். படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுந்தபோது மணி ஆறு.

4:15, நான், பெட்டி. 4:16, நான், பெட்டி. 4:17.

அவளுக்குப் புரிய வெகு நேரம் ஆயிற்று. பெட்டிக்குச் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. வீட்டில் யார் எங்கே போகிறார்கள் என்று அந்தந்த நிமிஷமே காட்டும். அவர் கட்டிலில் படுத்தபடி போனில் அதைத் திறந்து வைத்திருந்திருக்கிறார். ஹால், இதய ஆஸ்பத்திரி என்று வந்ததைப் பார்த்திருக்கிறார். பார்க்கிறாள், தெரிந்துகொண்டாள், இதோ எழுந்து வருவாள் என்று நினைத்திருப்பார். அடுத்து, ஹால், வாடகை வீடுகள். அதையும் பார்த்திருக்கிறார். கூப்பிடவில்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து, அடுத்து என்ன வருகிறது என்று.

5:02, நான், பெட்டி. அதோடு சரி.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் திரையில் புது மெயில் வந்து விழுந்தது. மணி ஆறு. இன்றைய பட்டியல்.

4:10, ஹால், இதய ஆஸ்பத்திரி.

நாலு பத்துக்கு நாத்தனார் வரவேயில்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடந்தது. இவள் மேசையில் ஏழாம் பாடம் திருத்திக்கொண்டிருந்தாள்.

4:11, நான், பெட்டி.

அவர் போன் மறுநாளே சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. உள் அறைப் பீரோவில், சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சாவி இடுப்பில் குத்துகிறது.

முந்தின நாள் பட்டியலைத் திறந்தாள். 4:10, ஹால். 4:11, நான். அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள். இருபத்தொரு பட்டியல். எல்லாம் அச்சு மாறாமல், 5:02 வரை.

இன்றையது மட்டும் 5:02-ல் நிற்கவில்லை.

5:03, நான். 5:04, நான். ஆறு மணி வரை ஒரு நிமிஷம் விடாமல்.

மெயிலின் அடியில் 'இப்போது பார்க்க' என்று ஒரு வரி. அவள் விரல் தானாக அழுத்தியது. பெட்டியின் பக்கம் திறந்தது. 6:07, நான். பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிஷம் எட்டுக்கு மாறியது. பச்சை விளக்கு ஒன்று துடித்தது.

6:08, நான்.

ஜன்னலை மூடினாள். புதிதாகத் திறந்தாள். மறைநிலையில் இருக்கிறீர்கள். பட்டியல் அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணினாள். போட்டாள், திறந்தாள். கடவுச்சொல் கேட்கவில்லை.

6:12, நான்.

பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிடலாம். எழுந்து அலமாரி வரை போனாள், கையும் நீட்டினாள். பிடுங்கினால்? அவருக்குத் தெரிவது அந்தப் பட்டியல் ஒன்றுதானே. அதுவும் போய்விட்டால் உள்ளே படுத்திருப்பவர் என்ன நினைப்பார்?

படுத்திருப்பவர். அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததைத் திருத்தத் தோன்றவில்லை.

திரும்பி வந்து ஆம்புலன்ஸ் பக்கத்தைத் தேடினாள். விரல் தப்புத் தப்பாக விழுந்தது. அழித்து அழித்து அடித்தாள். திறந்தாள். பட்டியலில் ஏறியது: 6:14, ஹால், ஆம்புலன்ஸ்.

பாருங்க. பார்த்துட்டேன். வருது.

6:15, நான்.

6:16, நான்.

அவர் பக்கம் எதுவும் நிற்கவில்லை. அவர் காத்திருந்தது அந்த வரிக்கு அல்ல.

வீடு முழுவதும் தைல வாசனை. இப்போது வந்ததா, மூணு வாரமாக இருந்ததா, தெரியவில்லை. மூடிக் கிடக்கிற அறைக் கதவின் கீழே, தரையை ஒட்டி, நீலமாக ஒரு கோடு. கட்டில் சட்டம் ஒருமுறை முனகியது. யாரோ பாரத்தை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார்கள்.

எழுந்தாள்.

நாற்காலியிலிருந்து அந்தக் கதவுக்குப் பதினோரு அடி. எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினோரு அடிதான். இவ்வளவுதானா?

கதவு சாத்தியிருந்தது, பூட்டியில்லை. தள்ளினாள்.

பீரோ பூட்டியபடியே இருந்தது. கட்டிலில் போர்வை ஒரு ஆள் நீளத்துக்கு மேடாக இருந்தது. போர்வைக்கு வெளியே ஒரு கை. கையில் போன். நீல வெளிச்சத்தில் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. திரையை மேலிருந்து கீழே இழுத்தது. விட்டது. இழுத்தது. விட்டது. நகத்தடியில் கறுத்திருந்தது. அவள் வந்து நின்றதும் நிற்கவில்லை. அவளைப் பார்க்கவில்லை. இழுத்தது. விட்டது.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.  மெதுவாக, வீட்டில் தினமும் பேசுகிற குரலில் கேட்டாள்:

"என்னங்க... இன்னும் வலிக்குதா?"