கச்சான் காற்றில் ஓர் ஏத்தன் எறி

"ஏட்டி சபிதா... சாப்பாட்ட மறந்துட்டியே!"

வடசேரி சந்தை வாசலில் வாழைக்குலைக் கடை வைத்திருக்கும் சுயம்புராஜ், டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினார். பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். போச்சு... இன்றைக்கும் பட்டினிதான்!

அப்போதுதான் அவன் வந்தான். சந்தையில் மீன் பெட்டிகளை இறக்கிவிட்டு வெறுங்கையோடு வந்துகொண்டிருந்தவன். "இங்க தாரும் மாமா" என்று டிபனை வாங்கினான். நாலு எட்டு ஓடினான். வீசினான்.

ஓடுகிற பஸ். கொட்டுகிற மழை. பாதி திறந்த ஜன்னல். டிபன் பாக்ஸ் நேராக வந்து அவள் மடியில் உட்கார்ந்தது. மூடிகூடத் திறக்கவில்லை!

சபிதா திரும்பிப் பார்த்தாள். மழைக்குள் இரண்டு பெரிய கண்கள் சிரித்துக்கொண்டு நின்றன... அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, நனைந்துகொண்டே ஓடி வந்தாள்.

"நீங்கதான எறிஞ்சது?"

"ஆமா... மேல பட்டுட்டா? மன்னிச்சிருங்க."

"பட்டிருந்தா இப்படியா ஓடி வருவேன்? இன்னொருக்க எறிவீங்களா?"

"சாம்பார் கொட்டிரும்லா!"

"டிபன இல்ல... பந்த!"

அவன் பெயர் லிஜோ. இராஜாக்கமங்கலம் கடற்கரைக்காரன். அப்பாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போவான், விடிந்ததும் மீனோடு வடசேரிக்கு வருவான். சபிதா உடற்கல்வி படித்தவள். நாகர்கோவிலில் கொடி ஃபுட்பால் அணி ஒன்று இருக்கிறது. ஆடுகிறவர்கள் இடுப்பில் இரண்டு நாடா தொங்கும். பந்தோடு ஓடுகிறவனின் நாடாவை எதிராளி உருவிவிட்டால் அவன் அங்கேயே நிற்க வேண்டும். பந்தை எறிகிறவனுக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைப் பிடித்தால் ஆறு பாயிண்ட். என்ன எறி, யாருக்கு என்று கோட்டுக்கு வெளியே நின்று கூவுகிறவள் சபிதா. சொல்ல ஆள் இருந்தது. எறியத்தான் ஆள் இல்லை, லிஜோ வந்து சேரும்வரை.

எதிரணிக்குப் புரியாமல் இருக்க, அப்பா கடை வாழைப்பழங்களின் பெயரையே எடுத்து வைத்திருந்தாள். மட்டி என்றால் பக்கத்தில் நிற்பவனுக்குச் சின்ன எறி. செவ்வாழை என்றால் எறிவதுபோல் ஏய்த்துவிட்டு நீயே ஓடு. ஏத்தன் என்றால் வலது மூலைக்கு நீள எறி.

"எதுக்காக்கும் வாழப்பழம்? மீன் பேரு வச்சா கொறஞ்சா போயிருவ?" என்றான் லிஜோ, ஒரு வாரத்துக்குள்ளேயே 'நீங்க' போய் 'நீ' வந்திருந்த ஒரு மாலையில்.

"நீ சொல்லும்போது மீன் பேரு வையி. இப்ப நான்லா சொல்லுதேன்!"

அவள் டிபனில் அவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. சாப்பிடும்போது கண்ணைத் தாழ்த்திக்கொள்வான். அந்த இமைகளைப் பார்க்கத்தான் இன்னொரு கரண்டி வைக்கிறோமோ... என்று தனக்குத்தானே கேட்டு வெட்கப்படுவாள் சபிதா.

ஒரு பெண் கூவி ஆண்கள் ஆடுவதா என்று அணி மேனேஜர் சிலுவைதாசனுக்கு அரை மனசுதான். "மாநிலப் போட்டிக்குப் போகல்லன்னா, சொல்லுறதுக்கு வேற ஆளப் பாத்துக்கிடுதேன், கேட்டியா?" என்று முன்பே சொல்லிவிட்டார்.

இராஜாக்கமங்கலம் கடற்கரை மைதானத்தில் ஒரு பயிற்சி ஆட்டம். "ஏத்தன்!" என்று கூவினாள் சபிதா. லிஜோ மட்டி எறிந்தான். பாயிண்டும் வந்தது.

"கொள்ளாம்லே! இவ சொன்னபடி எறிஞ்சிருந்தா கெட்டிருக்கும்" என்று எல்லார் முன்னாலும் அவன் முதுகில் தட்டினார் சிலுவைதாசன். லிஜோ அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டான். சபிதாவின் முகம் சுண்டிப்போனது.

"எதுக்கு மாத்துன?"

"கச்சான் காத்து சபி... மேற்க இருந்து தள்ளுது. ஏத்தன் எறிஞ்சா பந்து வெளிய போயிரும்."

"அத என்கிட்ட சொல்லணும்லா?"

"உள்ள நிக்கது நான்லா!"

"அப்ப நீயே நின்னுக்க. எனக்கு என்ன வேல?"

அவ்வளவுதான். இரண்டு வாரம் பேச்சு இல்லை. அவள் கூவுவாள், அவன் எறிவான். பிறகு ஆளுக்கொரு திசை. ரோஷம்... பாழாய்ப்போன ரோஷம்!

ஒரு விடியலில் லிஜோவும் அவன் அப்பாவும் கரை ஓரமாக வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் மணல்மேட்டில் நின்ற கிளீட்டஸ் மாமா, மீன் கூட்டத்தைப் பார்த்துத் துண்டை வீசி வழி காட்டினார். அவர் காட்டிய பக்கம் நீரோட்டம் பலமாக இழுத்தது. லிஜோவின் கை தானாகத் துடுப்பை நிமிர்த்தித் தூக்கியது. 'இங்கே வேறு மாதிரி இருக்கு, பாரும்' என்று கரைக்குச் சொல்கிற வழக்கம் அது. சொல்லாமல் வள்ளத்தைத் திருப்பவே மாட்டார்கள். லிஜோவுக்குச் சுருக்கென்றது. கடலில் கிளீட்டஸ் மாமாவுக்குக் கொடுக்கிற மரியாதையைக்கூட அவளுக்கு நான் கொடுக்கவில்லையே...

மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால் சபிதா வெளியே. நாலு பாயிண்ட் குறைவு, மிச்சம் இருப்பது ஒரே ஒரு எறி.

"ஏத்தன்!"

லிஜோ நகரவில்லை. வலது கையைத் துடுப்புபோல் நிமிர்த்தித் தூக்கினான். முகத்தை மேற்கே திருப்பினான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் வீம்பு இல்லை... கேள்விதான் இருந்தது. என்ன கேட்கிறான்? சபிதாவின் துப்பட்டா படபடவென்று வலப்பக்கம் பறந்தது. கச்சான்! என்னிடம் சொல்லிவிட்டான்... சொல்லிவிட்டுக் காத்து நிற்கிறான்!

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுபடி "ஏத்தன்!" என்று கூவி, இடக்கையை இடப்பக்கம் நீட்டினாள்.

லிஜோ எறிந்தான், ஆளே இல்லாத இடப்பக்கமாக. "அய்யோ, போச்சே!" என்றார் சிலுவைதாசன். காற்று பந்தை வாங்கி, வளைத்து, வலது மூலைக்கு ஓடிக்கொண்டிருந்த அணிக்காரன் வினோஜின் கையில் கொண்டு போட்டது.

ஆறு பாயிண்ட்! மைதானமே எழுந்து கத்தியது. அவனைத் தூக்க வந்தவர்களை விலக்கிவிட்டு லிஜோ மேனேஜரிடம் போனான். "காத்துன்னு மட்டும்தான் நான் காட்டுனேன் சார். எறி அவளுக்கதாக்கும். அன்னைக்கும் காத்துன்னு அவகிட்ட நான் சொல்லியிருக்கணும்."

சிலுவைதாசன் சபிதாவிடம் திரும்பினார். "மாநிலத்துக்கும் நீயே சொல்லும்மா."

சாயங்காலம் வடசேரியில் மறுபடி மழை. வெளியூர் அத்தை வீட்டுக்குப் போக, பஸ்ஸில் ஜன்னலோரம் சபிதா. கீழே நனைந்துகொண்டு லிஜோ.

"மீன் பெட்டி தூக்குற கைன்னுதான் எல்லாரும் பாத்தாவ. இதுக்கு எறியவும் தெரியும்னு மழையில ஓடி வந்து சொன்னது நீ ஒருத்திதான். எப்படி நன்றி சொல்லணும்னு தெரியல்ல சபி..."

"எனக்கும்தான். இன்னைக்கு நீ கைய தூக்குனியே... இதுவரை யாரும் என்கிட்ட கேட்டுட்டு நின்னதில்ல லிஜோ." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி... நன்றி மட்டும்தானா?"

"இல்ல... உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

கண்டக்டர் விசிலடித்தார். பஸ் நகர்ந்தது.

"பஸ் கிளம்பும்போதுதான் சொல்லுவியா? சவம்... எனக்கும் பிடிச்சிருக்கு! அன்னைக்கு மடியில டிபன் வந்து விழுந்தப்பவே!" என்று கத்தினாள். பிறகு பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். "ஏத்தங்கா தொவரன். ரெண்டு வாரமா ஒனக்குள்ளதும் சேத்துத்தான் கொண்டு வாறேன். தின்னுட்டு, கழுவி, நாளைக்கு அப்பா கடையில கொண்டு குடு. எதுக்கு வந்தன்னு கேப்பாவ... சொல்லு!"

வீசினாள். அவளுக்கு எறியத் தெரியாது. டிபன் பாக்ஸ் கோணலாக எங்கேயோ போயிற்று. லிஜோ பாய்ந்து, சேற்றில் முழங்கால் பதிய விழுந்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

மூடி திறக்கவில்லை.