நான்காவது நிரல்

அன்ரோனெற் படித்த பள்ளிக்கூடம் மன்னார்த் தீவின் கடலோரத்தில் இருந்தது. அதன் கணினி அறையில் எட்டுக் கணினிகள். உப்புக் காற்று பட்டுப் பட்டு மூன்று ஏற்கெனவே கண்ணை மூடிவிட்டன. இன்னொன்று தலையில் தட்டினால்தான் விழிக்கும். மிச்சம் நான்கையும் வைத்துக்கொண்டு பிரான்சிஸ்கா டீச்சர் ஏழாம் வகுப்புக்கு விரிதாள் படிப்பித்தார். பாதி வகுப்பு பின்வரிசை வாங்கில் இருந்து தூங்கி விழுந்தது.

டீச்சர் வெள்ளாங்குளத்து வயல்காரர் வீட்டுப் பிள்ளை. ஒருநாள் அவர், "எனக்கு நெல்லைப் பற்றித்தான் தெரியும். நீங்கள் உங்கட ஊர்ப் படகுகளைப் பற்றி ஒரு அட்டவணை செய்யுங்கோ, பாப்பம்" என்றார்.

அட்டவணையில் மேலிருந்து கீழாக நான்கு நிரல்கள். முதல் நிரலில் படகுக்காரரின் பெயர். அடுத்ததில் திகதி. மூன்றாவதில் அன்றைய காற்று. நான்காவது நிரலில், படகு எந்தப் பக்கம் போனது என்று எழுத வேண்டும்.

ஒரு கிழமை கழித்து டீச்சர் திறந்து பார்த்தார். நான்காவது நிரல் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி இருந்தது. கடல். கடல். கடல். நௌஷாட் மட்டும் 'தண்ணி' என்று எழுதியிருந்தான்.

"இதென்ன பகிடியோ?" டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது.

நௌஷாட் எழுந்து நின்றான். "பகிடி இல்லை டீச்சர். வாப்பா படகைத் தள்ளுற நேரம், 'எங்க போறீங்க?' எண்டு கேட்டுப்போட்டன். உடன திரும்பி வீட்ட வந்து, தண்ணி குடிச்சு, அரை மணித்தியாலம் இருந்திட்டுத்தான் போனவர். அண்டைக்கு மீனும் படேல்ல. எனக்கு நல்ல ஏச்சு."

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்ரோனெற்தான் விளக்கினாள்.

"கடலுக்குப் போறவையை எங்க போறியள் எண்டு கேக்கக்கூடாது டீச்சர். தொழில் பிழைச்சு, மீன் படாமப் போகும் எண்டு சொல்லுவினம். மீன் படுற இடத்தையும் ஒருத்தரும் மற்றவைக்குச் சொல்லமாட்டினம்."

"அப்ப, ஆராவது திரும்பி வராட்டி எங்க போய்த் தேடுறது?"

டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார். எல்லோரும் அன்ரோனெற்றைப் பார்த்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய அப்பா கடலுக்குப் போனார். திரும்பி வரவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் மூன்று நாள் வடக்கே தேடின. ஏழாம் நாள், அப்பாவின் பெயர் எழுதிய நீல எண்ணெய்க் கலன் ஒன்று மேற்கே கரை ஒதுங்கியது. தேடிய பக்கமே பிழை.

அன்று அவள் கணினித் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"டீச்சர்," என்றாள் கடைசியில். "போகேக்கதான் கேக்கக்கூடாது. வந்தாப்பிறகு கேக்கலாம்தானே?"

மறுநாள் விடியற்காலை, கொப்பியும் பேனையுமாக அவள் கடற்கரையில் நின்றாள். நௌஷாட்டும் வந்தான். ஆட்கள் வலையில் இருந்து மீன் கழற்றும் நேரம் அது. கேட்டால் பதில் வரும். ஆனால் முதல் நாள் வந்ததெல்லாம் பச்சைப் பொய். ஒருவர் இந்தியாவுக்குப் போய் வந்ததாகச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"எழுதினதைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைப்பம். எனக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் திறக்கத் தெரியும்" என்றாள் அன்ரோனெற். நௌஷாட்டுக்குக்கூட அவள் கடவுச்சொல்லைச் சொல்லவில்லை; அதன்பிறகு தனியாகத்தான் கேட்கப் போனாள்.

மீனவர் சங்கத் தலைவர் வின்சன்ட் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளுடைய அப்பாவைத் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

"சரி பிள்ளை, சொல்லுறம். ஆனா ஒருநாள் நீ வாய் விட்டாய் எண்டா, அண்டையோட சரி. பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டம்."

"விடமாட்டன் மாமா."

நவம்பர் வந்தபோது, இருபத்தொரு படகுகளின் இரகசியங்கள் அந்தக் கணினிக்குள் இருந்தன. ஒருவருக்கொருவர் ஒளித்துக்கொண்டு, ஒரு வீட்டு அண்ணனும் தம்பியும் ஒரே இடத்துக்குத்தான் போய்வந்தார்கள். அன்ரோனெற்றுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வரும். யாருக்குச் சொல்வது? வாயைப் பொத்திக்கொள்வாள். வகுப்பிலும் இப்போது யாரும் தூங்கவில்லை. வேண்டிய நிரைகளை மட்டும் பிரித்துக் காட்டும் வடிகட்டலை, டீச்சர் படிப்பிக்க முன்னமே நௌஷாட் ஒரு பயிற்சி அட்டவணையில் கண்டுபிடித்து, மற்றவர்களுக்கும் செய்து காட்டிவிட்டான்.

பிறகு வாடைக் காற்று தொடங்கியது.

அது தொடங்கி மூன்று கிழமை கழித்து, ஒரு புதன்கிழமை பின்னேரம், நௌஷாட்டின் வாப்பா அப்துல் ஹமீட் தன் மைத்துனர் நௌபரோடு கடலுக்குப் போனார். வியாழக்கிழமை காலையில் இருவரும் வரவில்லை. மழை கொட்டியது. ஹமீட் வடக்கே போனதை எல்லோரும் கண்டிருந்தார்கள். அதனால் ஐந்து படகுகள் வடக்கே போய் நாள் முழுக்கத் தேடின. நேவிக்கும் சொல்லியாயிற்று. பொழுதுபடப் படகுகள் வெறுமனே திரும்பின.

வெள்ளி விடிந்தது. ஊரில் இருந்த மண்ணெண்ணெயை எல்லாம் சேர்த்தாலும், மூன்று படகுகள் ஒரு தடவை போய்வரத்தான் காணும். மூன்றும் மறுபடி வடக்கே போக ஆயத்தமாகின.

அன்ரோனெற் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். டீச்சர் கணினி அறையைத் திறந்துவிட்டார். அவள் அட்டவணையைத் திறந்து முதலில் ஹமீட்டின் பெயரை வடிகட்டினாள். பிறகு வாடைக் காற்று வீசிய நாட்களை வடிகட்டினாள். ஒன்பது நிரைகள் வரிவரியாக வந்தன.

ஒன்பதிலும் மேற்கு. அதில் எட்டு நாள் மூன்றாம் தீடை. தீடை என்றால் நடுக்கடலில் தலை காட்டும் மணல் மேடு. வடக்கு என்று ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. கரையில் நிற்பவர்களை ஏமாற்ற, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை ஹமீட் வடக்கே போவார். பிறகுதான் மேற்கே திருப்புவார்.

"டீச்சர், எல்லாரும் பிழையான பக்கம் போகப்போகினம்!"

"ஓடு, ஓடிப்போய்ச் சொல்லு!"

அவள் வாசல்வரை ஓடி, அங்கேயே நின்றுவிட்டாள். சொன்னால் ஹமீட்டின் இடம் ஊருக்கே தெரிந்துவிடும். அவளை நம்பி இனி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அடுத்த முறை வேறொருவர் காணாமல் போனால் அட்டவணையில் ஒன்றும் இராது. சொல்லாவிட்டாலோ, நௌஷாட்டும் தன்னைப் போல ஆகிவிடுவான். அதை அவளால் நினைக்கவே முடியவில்லை.

அந்த இடம் யாருடையது? ஹமீட் வீட்டாருடையது. அப்படியென்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அவள் நௌஷாட் வீட்டுக்கு ஓடினாள். உள்ளே பெண்கள் குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நௌஷாட் படியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான். அவனுடைய உம்மா ஸுஹறா சுவரோடு சாய்ந்திருந்தார்.

"மாமி," அன்ரோனெற்றுக்கு மூச்சு வாங்கியது. "ஹமீட் மாமா எங்க போறவர் எண்டு எனக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டவர். சொல்லட்டோ?"

ஸுஹறா சுவரை விட்டு எழும்பினார்.

"ஆள் வந்தாத்தானே மகள், இடம்? ஓடு! ஓடிப்போய்ச் சொல்லு!"

கடற்கரையில் வின்சன்ட் நம்பவில்லை. "என்ட கண்ணால கண்டனான் பிள்ளை. வடக்கதான் போனவர்."

அன்ரோனெற் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்களும் அப்பிடித்தானே மாமா போறனீங்கள்?"

வின்சன்ட் இருமினார். சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மணலைப் பார்த்தார்கள்.

"காட்டு பாப்பம்," என்றார் அவர்.

மடித்துக் கட்டிய சாரமும் ஈரக் காலுமாக ஐந்து பேர் கணினி அறைக்குள் வந்தார்கள். ஒருவரும் அதற்குமுன் அங்கே கால் வைத்ததில்லை. திரையில் ஹமீட்டின் ஒன்பது நிரைகள் மட்டும் இருந்தன. வின்சன்ட் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகக் கழுத்தை நீட்டினார்.

"மற்றாக்களிண்டையும் இதுக்குள்ள இருக்கோ?"

"இருக்கு மாமா. காட்டமாட்டன்."

அவர் வெளியே நடந்தார். இரண்டு படகுகள் மேற்கே போயின. ஒன்று வடக்கே போயிற்று.

மத்தியானம் கழிந்தது. மழையில் நனைந்தபடி ஊரே கரையில் நின்றது. என்ன சொல்லித் தேற்றினாலும் அது நௌஷாட்டின் மனதில் ஏறாது என்று அன்ரோனெற்றுக்குத் தெரியும். பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

மூன்று மணிபோல, மேற்கே போன படகுகள் திரும்பி வந்தன. முதல் படகில் ஹமீட் படுத்திருந்தார். தலைமாட்டில் நௌபர்.

அவர்களுடைய படகு தீடையில் மோதி இரண்டாகப் பிளந்துவிட்டதாம். வலையும் போயிற்று, எஞ்சினும் போயிற்று. ஹமீட்டின் கால் முறிந்திருந்தது. இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு இருக்கும் அளவு மணல்தான் தண்ணீருக்கு மேலே மிஞ்சியிருந்ததாம். இன்னோர் இரவு தாங்கியிருக்கமாட்டார்கள் என்றார் வின்சன்ட்.

நௌஷாட் கழுத்தளவு தண்ணீருக்குள் ஓடிப் படகைப் பிடித்துக்கொண்டான். "வாப்பா! வாப்பா!" என்று அவன் கத்தியது கரை முழுக்கக் கேட்டது.

அன்ரோனெற்றுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அம்மாவும் அழுதார்.

ஹமீட்டை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் எவரும் தொழிலுக்குப் போகவில்லை. கடற்கரையில் கேள்வி கேட்கவும் அன்ரோனெற்றுக்குத் துணிவு வரவில்லை. வாய் விட்ட பிள்ளைக்கு இனி யார் சொல்வார்கள்?

திங்கட்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, அவள் கணினியை மூடப் போனாள். கணினி அறை வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. வின்சன்ட். கடலுக்குப் போகும் உடுப்போடு நின்றார்.

"மாமா, நீங்கள் எங்க..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கேளாத பிள்ளை. நானே சொல்லுறன். எழுது."

அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாதபடி, ஆளுக்கு ஆள் பத்தடி தள்ளி நின்றார்கள்.