ஒரு நூல் வித்தியாசம்

மாத்தளைக்கு வடக்கே, பலாபத்வலைக்கு இந்தப் பக்கம், வீதியோர வயலில், ஒரு அலோய் வீல் தனியாகக் கிடந்தது. அது கழன்று போன வெள்ளைக் கார் கொஞ்சம் தள்ளி மரத்தில் மோதி நின்றது. காரை ஓட்டி வந்த மரக்கறி வியாபாரி ஸெய்னுலாப்தீன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தானார்.

அது 2008ஆம் ஆண்டு, யுத்தம் நடந்த நேரம். டயர் வெடித்தாலும் குண்டு என்று ஊர் பதறிய காலம். மற்ற மூன்று சக்கரங்களின் நட்டுகளும் விரலால் சுழற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அது போதும். அன்று மாலையே வியாபாரியின் சாரதி ரபாயேலை உள்ளே தள்ளிவிட்டார். அவன்தான் கழற்றியிருப்பான் என்று முதலாளியின் மருமகனே சொன்னான், முதலாளியோடு சண்டை போட்டிருக்கிறான், ஸ்பெனரோடு சக்கரத்தடியில் குந்தியிருந்ததைப் பார்த்த சாட்சி இருக்கிறது, அன்றைக்கென்று பார்த்துக் காரை எடுக்கவில்லை. போதாததற்குத் தோட்டத்துத் தமிழன்.

மறுநாள் காலை காப்புறுதி மதிப்பீட்டாளர் கிறிஸ்தோபர் வந்து சேர்ந்தார். நசுங்கிய வாகனங்களையும், அவற்றைப் பற்றிச் சொல்லப்படும் பொய்களையும் பார்த்துப் பார்த்து வாய் துடுக்காகிப் போன மனிதர்.

"பகலைக்கு கொழும்பிலிருந்து ஜீப் வருது. இவனைக் கொண்டுபோய் விசாரிப்பாங்க" என்று பொறுப்பதிகாரி சிங்களத்தில் சொன்னார்.

அந்த ஜீப்பில் ஏறிப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று கிறிஸ்தோபர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. ரபாயேலைப் பார்க்க மட்டும் அனுமதி வாங்கினார். பையனின் உதடு வீங்கியிருந்தது.

"ஸ்பெனரோட நீ அங்க என்ன செஞ்ச?"

"நட்டை இறுக்கினேங்க. இறுக்கினா ரெண்டு நாள்ல திரும்பத் தளர்ந்துடுது."

"முதலாளியோட சண்டை?"

"சண்டை இல்லீங்க சார். ஸ்டியரிங் நடுங்குது, இந்தக் காரை நான் ஓட்டமாட்டேன்னு சொன்னேன். தம்புள்ளைச் சந்தைக்கு அவசரம்னு அவரே எடுத்துட்டுப் போயிட்டாரு."

"ரிம்மை யார் பூட்டினது?"

"தெரியாதுங்க. லீவுல தோட்டத்துக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தா புது ரிம் இருந்திச்சு. மருமகன் வாங்கிக் குடுத்தாராம்."

கார் பொலிஸ் முற்றத்தில் நின்றது. கிறிஸ்தோபர் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பார்த்தார். நட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கையும் புழுதியையும் தவிர ஒன்றுமில்லை. வயலில் கிடந்த சக்கரம் உட்பட எல்லாவற்றிலும் நட்டுத் துளைகள் முட்டை வடிவில் நீண்டிருந்தன, சக்கரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக.

"ஆடி ஆடித் தேஞ்சிருக்கு" என்றார் பொறுப்பதிகாரி.

கிறிஸ்தோபர் மூலையில் கிடந்த ஈர்க்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். டிக்கியில் கிடந்த, காரோடு வந்த பழைய இரும்பு ரிம்மில் எதிரெதிர் துளைகளின் நடுவை அளந்து, ஈர்க்கை அங்கேயே ஒடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அடுத்தது மாத்தளை நகரில் ஜைனுதீனின் டயர் கடை. பாவித்த அலோய் ரிம்களை மலிவாக விற்பவர். ஒரு லொறிச் சக்கரத்தை இறுக்கிவிட்டு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் ரிம் வரைக்கும் பச்சைப் பெயின்டால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தோபரின் சொந்தக் காரிலும் அதே கோடுகள் உண்டு.

"மக்கீனுக்கு ரிம் வித்தது நான்தான். மாமனார் காருக்குத்தான் கேட்டாரு. அதுக்குப் பொருந்தாது, ஒரு நூல், அரைக்கால் அங்குலம், குறையும்னு சொன்னேன். அப்ப கூட்டாளி காருக்குப் போடுறேன்னு தூக்கிட்டுப் போனாரு."

மருமகன் மக்கீன் வேறு கதை சொன்னான். மௌத்து வீட்டு முன்னறையில், சிவந்த கண்களோடு உட்கார்ந்திருந்தான்.

"ஜைனுதீன் கடையிலதான் குடுத்துப் பூட்டினேன். நாலு நட்டுக் காருக்கு நாலு நட்டு ரிம். பொருந்தாம எங்க போகும்? ரபாயேல்தான் கழட்டியிருக்கான்."

இரண்டு பேர், ஒரு பொய். கிறிஸ்தோபர் பொறுப்பதிகாரியையும் ஜைனுதீனையும் அந்த வீட்டுக்கே வரவழைத்தார். ஒரு அலோய் ரிம்மும் வந்தது. கணவனை இழந்து, பிற ஆண்கள் முன் வராமல் இத்தா இருந்த ஸுபைதா, செத்துப்போனவரின் மனைவி, உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆடித் தேயுற துளை, சக்கரம் சுத்துற பக்கமாத்தான் நீளும்" என்று தொடங்கினார் கிறிஸ்தோபர். "இது எல்லாமே வெளிப்பக்கமா நீண்டிருக்கு. தேயல. அரத்தால ராவியிருக்கு."

பழைய ரிம்மில் அளந்த ஈர்க்கை எடுத்து அலோய் ரிம்மின் மேல் வைத்தார். துளைகளின் உட்புறம் ராவப்படாமல் மிஞ்சிய வளைவை வைத்துப் பார்த்தால், பழைய துளையின் நடு ஈர்க்கின் நுனிக்குள்ளேயே நின்றது.

"எத்தனை நட்டுன்னு எண்ணினா மட்டும் போதாது. நட்டுக்கு நட்டு இடைவெளியும் சரியா இருக்கணும். இல்லாததுக்கு ஓட்டையைப் பெரிசாக்கினா நட்டு முழுசா உக்காராது. எத்தனை தரம் இறுக்கினாலும் தளரும். ரபாயேல் கழட்டல. காப்பாத்தத்தான் பார்த்திருக்கான்."

"அப்போ ராவினது இந்தக் கடைக்காரனா?" என்றார் பொறுப்பதிகாரி.

"இவர் பூட்டின சக்கரம் பச்சைக் கோடு இல்லாம கடையை விட்டுப் போகாது. நட்டு நகர்ந்தா கோடு விலகிக் காட்டிக் குடுக்கும். திரும்ப இறுக்கினாலும் பெயின்ட் போகாது. இந்த நாலு சக்கரத்துலயும் ஒரு பொட்டுப் பச்சை இல்ல. கடையில பூட்டினதா சொன்னது யாரு?"

எல்லோரும் மக்கீனைப் பார்த்தார்கள்.

"மாமாட கார் அழகா இருக்கட்டும்னுதான்" என்று அவன் அழுதான். "அரை விலைக்குக் கிடைச்சிச்சு. ஒரு நூல்தானேன்னு நானே வீட்டுல வச்சு ராவினேன்."

"அது ஆபத்து தெரியாம செஞ்சது. நேத்து ரபாயேல் பேரைச் சொன்னது தெரிஞ்சு செஞ்சது" என்றார் கிறிஸ்தோபர். அவருக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்திருந்தது.

திரைக்குப் பின்னாலிருந்து ஸுபைதாவின் குரல் வந்தது, சத்தம் போடாமல்.

"மருமகன், அந்தப் புள்ள காரை எடுக்கமாட்டேன்னு சொன்ன நேரம், டிரைவர்ட பேச்சைக் கேக்காதீங்க மாமான்னு சொன்னதும் நீங்கதானே. எனக்கு இப்ப வெளிய வர ஏலாது. வரக்கூடியதா இருந்தா நானே போயிருப்பேன். நீங்க போய் உள்ளதைச் சொல்லி அவனை வெளிய எடுங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஜீப் பொலிஸ் வாசலில் நின்றது. ரபாயேலின் கைகளைக் கட்டி வெளியே கொண்டுவந்திருந்தார்கள். பொறுப்பதிகாரி ஓடிப்போய் ஜீப்காரர்களிடம் பேசினார். நீண்ட நேரம் பேசினார். கடைசியில் ஜீப் அவனில்லாமல் போனது. மக்கீன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.

கிறிஸ்தோபர் தன் காரின் கதவைத் திறந்துவிட்டார். ரபாயேல் ஏறவில்லை. காரைச் சுற்றி நடந்து, குனிந்து, நான்கு சக்கரங்களையும் பார்த்தான். பச்சைக் கோடுகள் விலகாமல் நேராக இருந்தன. அவற்றின் அர்த்தத்தை கிறிஸ்தோபர் சொன்னார்.

ரபாயேல் ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"இது இருந்திருந்தா முதலாளி என் பேச்சை நம்பியிருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.