பெயர் வெட்டிய கட்டுரை

வெள்ளி, காலை 8.10. நான்காம் வகுப்புச் சுவரில் மாதிரிக் கட்டுரை இருந்த இடத்தில் நான்கு குண்டூசிகள்தான் மிச்சம்.

பள்ளி எழுத்தர் தூரித்துக்கு இது சம்பந்தமில்லாத விஷயம். அதனால்தான் முதல் ஆளாக வந்து நின்றாள்.

"யாரு எழுதினது அது?"

"தெரியாது. எனக்கு முன்னாடி இருந்தவங்க அலமாரியில விட்டுட்டுப் போன பழைய கட்டு. பேரை வெட்டியிருந்தாங்க," என்றாள் ஆசிரியை இங்குன். "பசங்க சேர்ந்து திருத்திப் பழகத்தான் மாட்டினேன். நம்ம வகுப்பு எய்ரினோட கையெழுத்து மாதிரியே இடப்பக்கம் சாயுதாம். அவளே எழுதி, அவளே கிழிச்சுட்டான்னு ஒரே கேலி. கழிப்பறையில கதவைச் சாத்திட்டு அழறா."

"தலைமையாசிரியர்?"

"பத்து மணிக்குள்ள அவளுது இல்லைன்னு காட்டணுமாம். இல்லேன்னா இனி மாதிரிக் கட்டுரையே கூடாதாம்."

"கடைசியா எப்பப் பார்த்தே?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. பெற்றோர் கூட்டம் ஆரம்பிக்கறப்ப."

8.40. கட்டுரை பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஒருத்தி ஒப்பித்தாள்: "ஞாயித்துக்கிழமை காரோட படகுல ஏறி அக்கரைக்குப் போனோம். நல்லா இருந்துச்சு. திரும்பி வந்தோம்."

9.25. அழும் மகள் எய்ரினை வீட்டுக்கு அழைத்துப்போக ஸ்டைனார் மூச்சிரைக்க வந்தான். உள்ளூர்ப் பத்திரிகையின் ஆசிரியர். ஊரார் கடிதங்களில் பிழை பிடிப்பதில் மன்னன்.

"பாலத்துல ஒரே நெரிசல், தூரித்."

"பரவாயில்ல, பிள்ளையைக் கூட்டிப்போற பதிவேடு இது, கையெழுத்துப் போடு." போட்டான், இடது கையால். "எய்ரின் காரோட படகுல போயிருக்காளா?"

"படகா? பாலம் வந்து இருபது வருஷமாச்சே!"

"அவளுக்கு வயசு ஒம்பது. அப்ப அவ எழுதினதில்ல. நேத்து ஆறு மணிக்குக் காகிதம் சுவத்துல இருந்துச்சு. பசங்க ரெண்டு மணிக்கே வீட்டுக்குப் போயாச்சு. எடுத்தது பெத்தவங்கள்ல ஒருத்தர். இதோ உன் கையெழுத்து, அதுவும் இடப்பக்கம் சாயுது. எடு வெளியே, ஸ்டைனார்."

அவன் காது சிவந்தது. கோட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த காகிதம் வந்தது.

"நாலாம் வகுப்புல நான் எழுதின கட்டுரையை ஊரே திருத்தறதான்னு வெட்கமாப் போச்சு. பழி எய்ரின் மேல விழும்னு சத்தியமா நினைக்கல."

"என்கிட்ட என்ன சொல்றே? கதவுக்குப் பின்னாடி இருக்கறவகிட்டப் போய்ச் சொல்லு."

9.50. கழிப்பறைக் கதவு திறந்தது. அப்பா நீட்டிய காகிதத்தை எய்ரின் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். பிறகு சிரித்தாள். இங்குன் தலைமையாசிரியரிடம் சொல்ல ஓடினாள்.

"அப்பா, ரொம்ப மோசம்! நல்லா இருந்துச்சுன்னா? என்ன நல்லா இருந்துச்சு?"

ஸ்டைனார் யோசித்தான். "படகு ஆடுச்சு. தாத்தா பயந்துட்டார். நான் பயப்படல."

"அதை எழுதவே இல்லையே!"

அவன் கையில் பென்சிலைத் திணித்து, வகுப்புக்கு இழுத்துப் போனாள்.