கதவைத் தட்ட ஒரு காரணம்

பதினோரு நாளில் முதல் தடவையாக யாரோ கதவைத் தட்டினார்கள்.

ரொவேனா அடுப்பை அணைத்தாள். கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டே ஓடினாள். வந்துவிட்டார்கள்... கடைசியில் யாரோ வந்துவிட்டார்கள்...

பிலிப்பைன்ஸில், அவள் பிறந்த இலோய்லோவில், ஒரு வீட்டுக்குப் புதிதாக ஆள் வந்தால் போதும். சாமான் இறக்கி முடிப்பதற்குள் அக்கம்பக்கம் முழுக்கச் சமையலறையில் நிற்கும். சாப்பிட்டாயா, சம்பளம் எவ்வளவு, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் போகும். அந்த நினைப்பில்தான், ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஜப்பானின் இந்தக் கடலோரச் சிற்றூருக்கு வந்த அன்றே, வருகிறவர்களுக்கென்று நான்கு கோப்பைகள் வாங்கி வைத்தாள். ஒரு கோப்பைதான் இதுவரை நனைந்திருந்தது. அம்மா போனில் கேட்கும்போதெல்லாம், எல்லாரும் பிரியமாகப் பழகுகிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அழுதாள்.

கதவைத் திறந்தாள்.

நெடுநெடுவென்று ஒருவன். வெள்ளை மேலங்கி. முழங்கை வரை சோப்பு நுரை. கண்கள்... அந்தக் கண்களைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தாள். ஆனால் அந்த நிமிஷம் அவற்றில் இருந்தது சுத்தமான எரிச்சல்.

"தெரு அட்டை உங்ககிட்டதானே இருக்கு?" நல்ல ஆங்கிலத்தில் கேட்டான்.

"என்ன அட்டை?"

"பச்சை அட்டை. தெரு அறிவிப்புத் தாள்களை அதுல செருகி உங்க கதவுல மாட்டியிருப்பாங்க. படிச்சு, உங்க கட்டத்துல கையெழுத்துப் போட்டு, அடுத்த வீட்டுக்குக் குடுக்கணும். அடுத்த வீடு நான்தான், சலூன். இப்ப என் நாற்காலியில ஒருத்தர் தலை நிறைய ஷாம்பூவோட உக்காந்திருக்கார். குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல."

தண்ணீர் அவள் வீட்டிலும்தான் நின்றுபோயிருந்தது. குழாய் கெட்டுவிட்டது என்று நினைத்திருந்தாள். பச்சை அட்டையா... ஐயோ. ஏதோ விளம்பரம் என்று நினைத்து, ஒரு வாரமாக அதைச் சூடான சோற்றுப் பானைக்கு அடியில் போட்டு வைத்திருந்தாள்.

தயங்கித் தயங்கி எடுத்து வந்து நீட்டினாள். நடுவில் பானையின் அடிவட்டம் கருகலாகத் தெரிந்தது. அவன் வட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் நிறுத்தம் என்று அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது என்றான். தனக்குப் பின்னால் இன்னும் ஐந்து வீடு இருக்கிறது, அவர்களுக்கும் தெரியாது என்றான். கடைசித் தாளைத் திருப்பி, காலியாக இருந்த ஒரு கட்டத்தில் விரலை வைத்தான்.

"இது யாருன்னு தெரியுதா டீச்சர்? நீங்கதான். உங்க பேர்."

அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. ஆனால் யாரோ மெனக்கெட்டு, நிதானமாக, கோணாமல் எழுதியிருந்தார்கள். தெருவின் எட்டு வீட்டில் இரண்டாவது வீடு, அவள். இந்த ஊரில் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று அழுதாளே, அப்போதெல்லாம் அந்தப் பெயர் அவள் பானைக்கு அடியிலேயே இருந்திருக்கிறது...

பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. அவன் பயந்துபோனான். திட்டவில்லை, சும்மா சொன்னேன் என்று ஏதோ உளறினான். அவள் வெட்கம் தாங்காமல் அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திவிட்டாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சலூனிலிருந்து இறங்கிப் போகிறவர் யார்? அவள் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர் குராத்தா!

திங்கட்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்பார் என்று நடுங்கிக்கொண்டே போனாள். அவர் குனிந்து வணங்கி, இந்த வருஷம் செர்ரிப் பூ சீக்கிரம் உதிர்ந்துவிட்டது என்றார். அவ்வளவுதான். இந்த ஊர்க்காரர்கள் திட்டமாட்டார்கள், அதுதான் கொடுமை. அவள் ஊரில் என்றால் தெருவே கூடித் திட்டித் தீர்த்து, அன்று சாயங்காலமே சோறும் போட்டிருக்கும். திட்டக்கூட ஆள் இல்லாத இடத்தில் எப்படி இருப்பது?

அன்றே வேலையை விடுவதாகக் கடிதம் எழுதினாள். வெள்ளிக்கிழமை குராத்தாவிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு.

செவ்வாய்க்கிழமை அட்டை மறுபடி அவள் கதவில் தொங்கியது. புது அட்டை, புது அறிவிப்பு. தன் கட்டத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டாள். பத்தடி நடந்தால் சலூன். வாசல் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடலாம், ஒருவரும் முகம்கூடப் பார்க்க வேண்டியதில்லை.

அவள் போடவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். புதன் போனது... யாரும் வரவில்லை. வியாழன் மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கூரையில் அது பெய்கிற சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமே இல்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்கே தன்மேல் கோபம் வந்தது. என்ன பைத்தியக்காரத்தனம் இது, அவன் எதற்கு வருவான் என்று அட்டையை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே போனாள்.

பெட்டியில் போடக் கை நீட்டியபோது சலூன் கதவு திறந்தது.

"உள்ள வாங்க டீச்சர். நனையறீங்க."

வாசலிலேயே நின்றாள். நாளைக்குப் போகத்தானே போகிறேன், இனி என்ன வெட்கம் என்று அவளுக்குத் துணிச்சல் வந்தது.

"வேணும்னுதான் வச்சிருந்தேன்," என்றாள். "மூணு நாளா. திட்டறதுக்காவது வந்து தட்டுவீங்கன்னு..."

அவன் கழுத்துவரை சிவந்துபோனான்.

"நானும் வேணும்னுதான் வரல."

அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அப்படி இல்ல. தட்டினா அட்டையைக் குடுத்துடுவீங்க. அப்புறம் உங்க கதவைத் தட்ட எனக்கு வேற என்ன காரணம் இருக்கு? கையில இருந்தது அது ஒண்ணுதான். அதைச் செலவு பண்ண மனசு வரல."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னான். பெயர் இசாமு மக்கினோ. ஆறு வருஷம் பயணிகள் கப்பலில் முடி வெட்டியவன், ஆங்கிலம் அங்கே வந்தது. ஆயிரம் பேர் நடுவில் தனியாகச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். இந்த ஊரில் புதிதாக வருகிறவர்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தட்டி, இன்னார் வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஊர்க்காரர்கள் தாமாகப் போய் நின்றால் அது தொந்தரவு. அவள் வருவாள் என்று தெருவே காத்திருந்தது, அவனும் தினமும் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.

நீங்கள் வருவீர்கள் என்று நான், நான் வருவேன் என்று நீங்கள்... ரொவேனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"நாளைக்கு வேலையை விடறேன்னு கடிதம் குடுக்கப்போறேன்," என்றாள்.

அவன் சட்டென்று நிமிர்ந்தான். அவள் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பிரித்து அறிவிப்பைப் படித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை தெருச் சாக்கடை சுத்தம் செய்கிறார்கள், வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்றான். அதைச் சொன்ன அசட்டுத்தனம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். அட்டையைக் கீழே வைத்தான். மேலங்கியைக் கழற்றினான்.

இங்கே காதலைச் சொல்வதென்றால் சுற்றி வளைக்க மாட்டார்கள். நேராக நின்று, விண்ணப்பம் போடுகிற மாதிரி சொல்வார்கள். அவனும் கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடுப்பு வரை குனிந்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. மழையில டாக்ஸியிலேருந்து இறங்கினீங்களே, அன்னிலேருந்து. தயவுசெஞ்சு போகாதீங்க."

குனிந்த தலை நிமிரவே இல்லை. பதில் வரும்வரை நிமிராது போலிருந்தது. காதோரத்தில் அவன் நரம்பு துடிப்பது அவளுக்குத் தெரிந்தது. இந்த மண்ணில் ஒரு மனிதன் தன் ஒரு வார்த்தைக்காகக் காத்து நிற்கிறான்...

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு, இசாமு," என்றாள் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை சாக்கடைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"