இரண்டாவது வேண்டாம்

"தோளைத் தளர்த்துங்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள்" என்று காதுக்குப் பின்னாலிருந்து 'நிமிர்த்தி' என்ற கருவி கிசுகிசுத்தது.

சபரிநாதன் தோளைத் தளர்த்தினான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கை கார்த்திகாவின் கண்ணை நேராகப் பார்த்தான். அவள்தான் பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள். அவன் காது மடலுக்குப் பின்னே இதமாக ஒரு சூடு பரவியது. நல்ல பழக்கம் ஒன்றைச் சரியாகக் கடைப்பிடித்தால் நிமிர்த்தி தரும் பரிசு அது.

புளியங்கொட்டை அளவுதான் இருக்கும் அந்தக் கருவி. நாடியையும் தோலின் வியர்வையையும் படித்து, மனிதன் கூச்சத்தில் குறுகப் போகிறான் என்பதை அவனுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். எப்படி உட்காரணும், எப்படிப் பேசணும், எங்கே மறுக்கணும் என்று காதோரம் சொல்லிக்கொடுக்கும். திருச்சியில் அது இல்லாத காதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சபரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்கக் கூசி வெறும் இட்லியை விழுங்கிவிட்டு வந்த ஆசாமி. இன்று அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கே தலைவன். மனுஷன் ஆளே மாறிப்போய்விட்டான்.

"காபி போடட்டுமா?" என்று கேட்டான்.

"வேண்டாம்ணே. இப்பத்தான் குடிச்சேன்."

"சரி."

முன்பெல்லாம் இந்த 'வேண்டாம்' ஒரு பதிலே இல்லை. அவள் சொல்லி முடிக்கும் முன் அடுப்பில் பால் ஏறியிருக்கும். ஆனால் நிமிர்த்தி அவனுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கங்களில் தலையாயது இதுதான்: ஒருமுறை கேள், பதிலை அப்படியே ஏற்றுக்கொள், வற்புறுத்தாதே. நியாயம்தானே? இலையை மறைத்த கைமேலேயே பாயசத்தை ஊற்றிய சொந்தக்காரர்களிடம் ஆயுள் முழுக்க மாட்டிக்கொண்டவன் அவன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று உலகம் ஒருவழியாக ஒத்துக்கொண்டதில் அவனுக்கு அப்படியொரு நிம்மதி.

கார்த்திகா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். பிரித்தாள்.

"அண்ணி எங்கேண்ணே?"

"ஆபீஸ் வேலையா பெங்களூர் போயிருக்கா. ஏன், ஏதாவது விஷயமா வந்தியா?"

"இல்லேண்ணே. சும்மாதான். பார்க்கணும்போல இருந்துச்சு."

"மாப்பிள்ளை கணேசன் எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நல்லா இருக்கார்" என்றாள்.

அவள் கழுத்தோரம் லேசாகக் கன்றியிருந்தது. அவன் கவனிக்காமல் இல்லை. ஆனால் பிறர் சொல்லாததைக் கிளறக் கூடாது என்பதும் ஒரு பழக்கம். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறியா?" என்று மட்டும் கேட்டான்.

"ஐயோ, வேண்டாம்ணே. உனக்கு எதுக்குச் சிரமம்."

"சரிம்மா."

அந்தச் 'சரிம்மா' விழுந்ததும் அவள் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, "வரேண்ணே" என்றாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். அவன் முதுகு வளையாமல் நின்று, கண்ணைப் பார்த்து, புன்னகைத்து, கையசைத்தான். காதோரம் பொங்கிய சூட்டில் மனம் நிறைந்துவிட்டது.

அரை மணி கழித்துத் தயிர் வாங்கக் கீழே இறங்கினான். வாசலில் காவலாளி அந்தோணி எழுந்து நின்றார்.

"என்ன சார், தங்கச்சி உடனே கிளம்பிட்டாங்க?"

"சும்மா பார்த்துட்டுப் போக வந்தா."

"அப்படியா சார்? பெரிய பெட்டியா கொண்டுவந்து இங்க வெச்சிருந்தாங்களே. மேல எடுத்துட்டுப் போகட்டுமாம்மான்னு கேட்டேன். 'இப்ப வேண்டாம்ணே, நான் கிளம்புறேன்னுதான் சொல்லுவேன், எங்கண்ணன் விடாது, அதுவே வந்து தூக்கிட்டுப் போகும்'னு சிரிச்சாங்க."

சபரிக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடி முகமெல்லாம் பற்றி எரிந்தது. கையிலிருந்த தயிர்த் தூக்கு நழுவி உருண்டது. எங்கண்ணன் விடாது! அடப்பாவி, கழுத்துக் காயத்தைப் பார்த்தும் புன்னகையோடு வழியனுப்பி வைத்தாயே, நீயெல்லாம் ஒரு அண்ணனா?

"குறுகல் ஏறுகிறது" என்றது நிமிர்த்தி, தாலாட்டும் குரலில். "இது உங்கள் தவறல்ல. அவர் மறுத்தார். நீங்கள் அந்த மறுப்பை மதித்தீர்கள்."

காதுக்குப் பின்னே இதமான சூடு பரவியது. பரவப் பரவ, எரிச்சல் தணிந்தது. தணிவது அவனுக்கே தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் வெட்கம் மொத்தமும் வடிந்துபோகும், தயிர் வாங்கிக்கொண்டு மாடிக்கே போய்விடுவான். அந்த நினைப்புதான் அவனை உலுக்கியது. ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறினான். பாலம் தாண்டும்போது கருவியைக் காதிலிருந்து பிடுங்கிக் காவிரியில் வீசினான். அது தடுத்து வைத்திருந்த வெட்கமெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்தது.

அவள் போனை எடுக்கவில்லை. அவள் ஊரான கரூருக்குப் போகும் பேருந்துகள் நிற்குமிடத்தில்தான் கண்டுபிடித்தான். பெட்டி காலடியில் இருந்தது. அவளோ நிமிர்ந்து நின்றிருந்தாள். அப்படி அவள் நின்று அவன் பார்த்ததே இல்லை.

"கார்த்தி!"

திரும்பினாள். காதுக்குப் பின்னால் புத்தம் புதிதாக ஒரு பொட்டு மின்னியது. பத்தடி தள்ளி நிமிர்த்திக் கடை. முதல்முறை பொருத்துவது இலவசம் என்று பலகை.

"ஏம்மா இதைப் போய்..."

"உன்கிட்டகூட வாய்விட்டுக் கேட்க முடியலேண்ணே எனக்கு. நாக்கு நுனி வரைக்கும் வருது, கூச்சமா இருக்கு. நீ எவ்வளவு தைரியமா உட்கார்ந்து பேசினே! உன்னைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்துச்சு."

இதைவிட அவள் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம்.

"அவன் உன்னை அடிக்கிறானா?"

"ஆமா." கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். குரல்கூட நடுங்கவில்லை. "அதான் வீட்டுக்கே போறேன். எதிர்ல உட்கார வெச்சு நேருக்கு நேரா பேசப் போறேன். இனிமே எனக்குப் பயமில்லை."

"உனக்குப் பயமில்லைன்னா அவன் கையை மடக்கிட்டு உட்கார்ந்துடுவானா? என்னோட வீட்டுக்கு வா."

"வேண்டாம்ணே."

"நான் உன் பேச்சைக் கேட்டது தப்பு. அப்பவே விட்டிருக்கக் கூடாது. வாடா, கிளம்பு."

"வேண்டாம்ணே" என்றாள் மறுபடி, அதே குரலில். "ஒரு தடவை சொன்னாப் போதும்."

சபரி திகைத்துப்போனான். அவளுடைய பழைய வேண்டாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அதற்குக் கூப்பிடு என்று பொருள், விடாதே என்று பொருள். இந்த வேண்டாம் எது? அவள் சொல்கிறாளா, காது சொல்கிறதா? உள்ளே இன்னும் அந்தத் தங்கை உட்கார்ந்து, அண்ணன் விடாது என்று காத்துக்கொண்டிருக்கிறாளா? முகத்தை உற்று உற்றுப் பார்த்தான். ஒன்றும் பிடிபடவில்லை.

பேருந்து வந்து நின்றது. அவன் சட்டென்று குனிந்து பெட்டியின் பிடியைப் பற்றினான். மறுபக்கம் அவளும் பற்றினாள்.

"அண்ணே, விடு."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரும் நேரான முதுகோடு, கண்ணுக்குக் கண் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட ஒருவர் பணிவாகச் சொன்னார்: "அவங்கதான் வேண்டாங்கறாங்களே சார். கேட்டுப் பழகணும் நாம." பின்னாலிருந்து ஒரு பெண் "இந்தக் காலத்திலேயும் இப்படி ஒரு ஆளு" என்றாள்.

காதில் கருவி இல்லாத சபரிக்கு உடம்பு கூனிக் குறுகிப்போனது. சாம்பார் கேட்கக் கூசியவன் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தான். ஊரே பார்க்கிறதே என்று உள்ளங்கை வியர்த்தது. விடக் கூடாது, விடக் கூடாது என்று மனம் கிடந்து கத்தியது. கை தானாக விட்டுவிட்டது.

கார்த்திகா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவனைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் புன்னகைத்தாள். கையசைத்தாள். பேருந்து நகர்ந்தது. பின்னாலேயே ஓடத் தோன்றியது. நாலு பேர் பார்ப்பார்களே என்று நின்றுவிட்டான். இனி அந்த வீட்டுக் கதவுக்குள் என்ன நடந்தாலும் அதில் தனக்கும் ஒரு பங்கு உண்டு என்று தோன்றியபோது, யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. இந்த எரிச்சல் கொஞ்சம் அடங்கினால் போதும், கொஞ்சமே கொஞ்சம்.

"சார், காது வெறுமையா இருக்கே" என்றாள் நிமிர்த்திக் கடைப் பெண், மலர்ந்த முகத்தோடு. "ஒண்ணு பொருத்திக்கிறீங்களா?"

"வேண்டாம்மா" என்றான், நாக்கு குழற.

"சரிங்க சார்" என்று சொல்லி அவள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டாள்.

சபரிநாதன் நகரவில்லை. இன்னொரு தடவை கேட்பாள் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.